ஜெய்சல்மேர் பாலைவனப் பூங்கா: காரில் எவ்வளவு, காலில் எவ்வளவு?

சேதுக்கரையான்:
எல்லோருக்கும் வணக்கம். டிசம்பர் கடைசியில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஜெய்சல்மேர் போகலாம் என்று இருக்கிறேன். கோட்டை, அரண்மனை எல்லாம் இரண்டாம்பட்சம்தான், பாலைவன தேசியப் பூங்காவைப் பார்க்க வேண்டும் என்பதுதான் திட்டம். அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் கேட்டால் பதில் சரியாக வராது. 2017இல் அரிச்சல்முனை வரைக்கும் தார்ச்சாலை வருவதற்கு முன்னால் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு மணலில் வேன் ஓட்டியவர் அவர். ரோடு வந்தது, அந்தத் தொழில் போனது. இப்போது 64 வயது, வலது முழங்காலில் வலி, ஆனால் மணல் என்றால் வலி தெரியாது. "ரெண்டு பக்கமும் கடல் இல்லாத மணல் எப்படிடா இருக்கும்" என்று ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

கேள்விகள்: சொந்தக் காரை இங்கிருந்தே ஓட்டிக்கொண்டு போவதா, அங்கே வாடகைக்கு எடுப்பதா? பூங்காவுக்குள் நடக்க விடுவார்களா, இல்லை வண்டியிலேயே சுற்றிக்காட்டி அனுப்பிவிடுவார்களா? எத்தனை நாள் வேண்டும்? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

முதுகுளத்தூர் மிளகாய்:
தம்பி, வேலை ஒழுங்காகப் பார்க்காத ஆட்களை "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்" என்று மிரட்டுவார்களே, அந்தக் காடு நம் ராமநாதபுரம் மாவட்டம்தான். அதிலே பிறந்து வளர்ந்துவிட்டு இன்னொரு தண்ணியில்லாக் காட்டைப் பார்க்க டிக்கெட் எடுக்கிறீர்களா? சித்திரை மாசம் எங்கள் ஊர்ப் பக்கம் வாருங்கள், இலவசமாகக் காட்டுகிறேன். மோர் உண்டு.

பாம்பன் வாடை:
மிளகாய் அண்ணே, சிரிப்பாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கணக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் மாவட்டத்தில் வருஷத்துக்கு 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை. ஜெய்சல்மேரில் சுமார் 200. நமக்குக் குறை மழையில் இல்லை, அது ஐப்பசி கார்த்திகையில் மொத்தமாகக் கொட்டிவிட்டுப் போவதிலும், நாம் கண்மாயைத் தூர்த்துவிட்டதிலும் இருக்கிறது. அங்கே ஆடி ஆவணியில் நாலைந்து நாள் பெய்தால் அதுதான் வருஷத்துக்கு. அந்த நாலைந்து நாள் தண்ணீரை வைத்துக்கொண்டு மாடும் ஒட்டகமும் வளர்த்து, கோதுமையும் விளைவித்திருக்கிறார்கள். அதைப் பார்க்கவே போகலாம்.

தொண்டிக்காரி:
சேதுக்கரையான் தம்பி, நான் மூன்று வருஷத்துக்கு முன்னால் பறவை பார்க்கும் கூட்டத்தோடு போயிருக்கிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

முதலில் மனசிலிருந்து சினிமா பாலைவனத்தை எடுத்துவிடுங்கள். பூங்கா 1980இல் அறிவிக்கப்பட்டது, பரப்பு 3,162 சதுர கிலோமீட்டர். நம் மாவட்டமே நாலாயிரத்துச் சொச்சம்தான் என்பதை வைத்து அளவைப் புரிந்துகொள்ளுங்கள். ஜெய்சல்மேர், பார்மேர் இரண்டு மாவட்டத்திலும் கிடக்கிறது. அதில் மணல்மேடு ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். மீதியெல்லாம் கல்லாந்தரை, உப்புப் பள்ளம், புல்வெளி. ஊர்களும் உள்ளேயே இருக்கின்றன, ஆடு மேய்கிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடந்து போகிறார்கள். டிக்கெட் கிழித்து ஒரு வளைவுக்குள் நுழைந்தால் பூங்கா, வெளியே வந்தால் ஊர் என்று அங்கே இல்லை. நம் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவும் 21 தீவு, 560 சதுர கிலோமீட்டர் என்று படத்தில் கோடு போட்டுத்தானே இருக்கிறது, தண்ணீரில் கோடு தெரியுமா? அதே கதை.

பார்க்க வேண்டிய இடம் சுதாசரி. சாம் மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம், ஜெய்சல்மேரிலிருந்து 60 கிலோமீட்டர் சுமாருக்கு வரும். வேலி போட்டுக் காக்கிற புல்வெளி அது. நாங்கள் ஜெய்சல்மேர் வனத்துறை அலுவலகத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு போனோம். வண்டியைப் பாதையை விட்டு இறக்கவே கூடாது. காரணம் கானமயில். தரையில் ஒரே ஒரு முட்டை இடும், கூடு கிடையாது, முட்டையும் மண் நிறம். நீங்கள் சும்மா ஒரு வட்டம் போட்டுத் திருப்பினால் அந்த வருஷத்துக் குஞ்சு உங்கள் டயருக்கு அடியில் இருக்கலாம். உலகத்தில் காட்டில் மிச்சமிருப்பதே 150க்குள்தான் என்கிறார்கள், அதில் பெரும்பகுதி இந்தப் பக்கம். ஆண் பறவை 15 கிலோ வரை இருக்கும். பறக்கும்போது முன்னால் இருப்பது சரியாகத் தெரியாது அதற்கு, பார்வை பக்கவாட்டில்தான், உயர் அழுத்த மின்கம்பி வந்தால் அத்தனை எடையையும் சட்டென்று திருப்ப முடியாமல் மோதிச் சாகிறது. ஒரு காலத்தில் நம் தமிழ்நாட்டிலும் இருந்த பறவை இது. கானமயில் என்ற பேர் மட்டும் நம்மிடம் மிச்சம்.

நடை பற்றி: காலை ஏழு மணிக்கு அங்கே இருங்கள். வனத்துறை ஆள் ஒருவர் கூட வந்தால்தான் நடக்க முடியும், அது நல்லதும்கூட. அவர் கண்ணுக்குத் தெரிவதில் கால்வாசிகூட நமக்குத் தெரியாது.

கீழக்கரை காக்கா:
அஸ்ஸலாமு அலைக்கும். தம்பி, நான் 19 வருஷம் அபுதாபியில் இருந்தவன். மணல் என்றால் காக்காவிடம் கேளுங்கள். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி ஒன்றை வாடகைக்கு எடுங்கள், டயர் காற்றை 18க்கு இறக்குங்கள், மேட்டின் மேல் நேராக ஏற்றுங்கள். உச்சியில் ஒரு நொடி வானம் மட்டும் தெரியும், அப்புறம் சரசரவென்று இறங்கும், குடல் தொண்டைக்கு வரும். அப்பா பழைய டிரைவர் என்கிறீர்கள், அவருக்கு ஸ்டியரிங்கைக் கொடுங்கள், பத்து வயசு குறைந்துவிடும். காரில் உட்கார்ந்து புல்லைப் பார்ப்பதற்கா அவ்வளவு தூரம்?

தொண்டிக்காரி:
காக்கா, நான் எழுதியதை முழுசாகப் படித்துவிட்டுத்தான் இதை எழுதினீர்களா?

கீழக்கரை காக்கா:
படித்தேன் லாத்தா. பூங்காவுக்குள் சொல்லவில்லை, வெளியே சாம் பக்கம் அதற்கென்றே ஜீப் வைத்து ஓட்டுகிறார்களே.

தொண்டிக்காரி:
ஓட்டுகிறார்கள்தான். பாட்டுப் பெட்டியை அலறவிட்டுக்கொண்டு வரிசையாக ஏறி இறங்குகிறார்கள். ஒட்டகம் அந்தப் பக்கம், ஜீப் இந்தப் பக்கம், நடுவில் நொறுக்குத்தீனிக் காகிதம். மெரினாவில் காணும் பொங்கல் கூட்டத்தைப் பார்த்திருந்தால் சாம் மாலை ஐந்து மணியைப் பார்த்தது மாதிரிதான். அப்புறம் மேட்டைப் பிடித்து வைத்திருப்பதே சேவண் புல்லும் சின்னச் செடிகளும்தான், அதன் வேரை அறுத்தால் மணல் நடக்க ஆரம்பித்துவிடும். நம் ஊரில் சவுக்குப் போட்டு, பனை வைத்து மணலை நிறுத்தியவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

கீழக்கரை காக்கா:
சரி லாத்தா, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டயர் காற்று விஷயம் மட்டும் நிற்கட்டும். மேடு ஏறாவிட்டாலும் காற்றடித்து ரோட்டின் மேலேயே மணல் ஏறிக் கிடக்கும், சாதாரணக் கார் அதில் மாட்டும். சிகரெட் பற்றவைக்கும் துளையில் சொருகுகிற சின்னக் காற்றுப் பம்ப் 1,500, 2,000 ரூபாய்க்குக் கிடைக்கும். வாங்கிக்கொண்டு போங்கள். காற்றை இறக்குவது யாராலும் முடியும், ஏற்றுவதுதான் பிரச்சினை.

ஒப்பிலான்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நம்ம பக்கமிருந்து ரயில் இருக்கிறதா?

பாம்பன் வாடை:
ராமேஸ்வரத்திலிருந்து அஜ்மீர் வழியாகப் போகிற ஹம்சஃபர் வாரத்துக்கு ஒரு முறை இருக்கிறது. மன்னார்குடியிலிருந்து ஜோத்பூருக்கும் வாராந்திர வண்டி உண்டு. இரண்டு ராத்திரிக்குக் குறையாது. காரில் போனால் ஒரு பக்கத்துக்கே 2,400 கிலோமீட்டருக்கு மேல் வரும், அப்பாவின் முழங்காலை நினைத்துப் பாருங்கள். ஜோத்பூரில் கார் எடுங்கள், அங்கிருந்து ஜெய்சல்மேர் 280தான். வழியில் பலோடி பக்கம் ஒதுங்கினால் கீச்சன் என்று ஒரு ஊர், மங்கோலியா பக்கமிருந்து ஆயிரக்கணக்கில் குர்ஜா நாரைகள் வந்து இறங்கும், ஊர்க்காரர்களே தானியம் போட்டு வளர்க்கிறார்கள். தனுஷ்கோடிப் பூநாரைகளைத் தூரத்தில் வெள்ளைக் கோடாகப் பார்த்துப் பழகிய நமக்கு அது அதிசயம்.

சாயல்குடி கரிமூட்டம்:
நான் போனதில்லை, போகப் போவதும் இல்லை, ஆனால் ஒரு விஷயம் பார்த்து வந்து சொல்ல வேண்டும். அங்கே கேஜ்ரி என்று கொண்டாடுகிற மரம் நம்ம வன்னி மரமேதான். 1730இல் ஜோத்பூர் ராஜாவின் ஆட்கள் கேஜர்லி என்ற ஊரில் அந்த மரத்தை வெட்ட வந்தபோது பிஷ்னோய் மக்கள் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு 363 பேர் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள். நாமும் வன்னியைக் கும்பிடுகிறோம், கோயிலுக்குள் ஒன்றே ஒன்றை வைத்துச் சுற்றி வேலி போட்டு. வெளியே இருந்ததை எல்லாம் சீமைக்கருவேலம் தின்றுவிட்டது. கேலி என்னவென்றால் வன்னியும் சீமைக்கருவேலமும் ஒரே குடும்பம், அண்ணன் தம்பி மாதிரி. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கருவேலம் வெட்டி மூட்டம் போட்டுத்தான் சாப்பிடுகிறோம், அதனால் அதைத் திட்டவும் எனக்கு முழு மனசு வராது. ராஜஸ்தானிலும் அது வந்து ஏறிவிட்டது என்று படித்தேன். எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

மின்கம்பி பற்றித் தொண்டிக்காரி அக்கா சொன்னார். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016இல் வந்தபோது அதைப் பார்க்கப் பஸ் பிடித்துப் போனோம். ஜெய்சல்மேர் பக்கமும் அதேபோல் சூரியப் பலகையும் காற்றாலையும்தான். கானமயிலுக்காகக் கம்பியை மண்ணுக்கு அடியில் கொண்டு போகச் சொல்லி 2021இல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது, 2024இல் அதைத் திருத்திக் குழு அமைத்தது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற வழக்கு. எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியாது.

சேதுக்கரையான்:
எல்லோருக்கும் நன்றி. ஜோத்பூரில் கார் என்று முடிவு. கடைசியாக ஒன்று, நடக்க என்ன செருப்பு? அப்பா ரப்பர் செருப்புதான் போடுவேன் என்கிறார், இல்லாவிட்டால் வெறுங்கால்.

தொண்டிக்காரி:
வேண்டவே வேண்டாம். கணுக்கால் மூடுகிற ஷூ, தடித்த சாக்ஸ். சுருட்டை விரியன் அந்த மண்ணுக்குச் சொந்தக்காரன், மண் நிறத்தில் சுருண்டு கிடக்கும், செதிலை உரசி ரம்பம் அறுக்கிற மாதிரி ஒரு சத்தம் கொடுக்கும். குளிர்காலத்தில் குறைவு, இருந்தாலும் புதருக்குள் கை விடாதீர்கள். அதைவிடத் தினசரித் தொல்லை பூரட் என்கிற ஒரு புல்லின் முள். நம் நெருஞ்சிக்குத் தாத்தா. தண்ணீர் ஆளுக்கு ஐந்து லிட்டர் வண்டியில் இருக்கட்டும், குளிர்தானே என்று குறைக்காதீர்கள், அந்த வறண்ட காற்றில் வியர்ப்பதே தெரியாது, உதடு வெடித்த பிறகுதான் தெரியும். பெட்ரோல் ஜெய்சல்மேரிலேயே நிரப்பிவிடுங்கள். எல்லைப் பக்கம் என்பதால் சில ஊர்களுக்கு வெளியாட்கள் தனி அனுமதி வாங்க வேண்டும், கேட்காமல் மேற்கே மேற்கே என்று போய்க்கொண்டே இருக்காதீர்கள்.

முதுகுளத்தூர் மிளகாய்:
மோர் இன்னும் இருக்கிறது. முள்ளும் இருக்கிறது. யோசித்துக்கொள்ளுங்கள்.

சேதுக்கரையான்:
போய் வந்துவிட்டோம். பொங்கல் வேலையில் எழுத நேரம் இல்லை. ஆறு நாள் ராஜஸ்தானில், அதில் நாலு நாள் ஜெய்சல்மேர் சுற்றுவட்டாரம்.

முதல் நாளே அப்பா என்னைத் தோற்கடித்துவிட்டார். பார்மேர் ரோட்டில் 17 கிலோமீட்டரில் ஆகல் என்ற இடத்தில் கல்லாகிப் போன மரங்கள் கிடக்கின்றன, 18 கோடி வருஷத்துக்கு முந்தியவை. பெரியது 13 மீட்டர் நீளம். கம்பிக்கூண்டு போட்டு வைத்திருக்கிறார்கள். எனக்கு அதைப் பார்த்து அதிசயம் வரவில்லை என்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன், வெயிலில் கிடக்கும் பழுப்புக் கல் மாதிரிதான் இருந்தது, பட்டையில் வரி தெரிகிறது பார் என்று அப்பா சொன்ன பிறகுதான் மரமே தெரிந்தது. திரும்பி வந்து தங்கும் விடுதித் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். அந்த ஊரே மஞ்சள் கல்லால் கட்டியது. அப்பா சுவரைத் தடவிக்கொண்டே இருந்தவர், "டேய், இங்க வா, இது சிப்பி" என்றார். சிப்பியேதான். விரல் நகம் அளவுக்கு, வரிவரியாக, கல்லுக்குள் பதிந்து. அந்த மண்ணே ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் கிடந்தது என்று விடுதிக்காரர் சொன்னார், அந்தக் கல் முழுக்கக் கடலில் படிந்து இறுகியதுதானாம். தனுஷ்கோடி இடிந்த தேவாலயத்துச் சுவரில் பவளப்பாறைக் கல்லைப் பார்த்திருப்பீர்களே, அதைத் தடவுகிற மாதிரியே தடவினார். கடல் இல்லாத மணலைப் பார்க்க வந்த ஆள், வந்த அன்றைக்கே கடலைக் கண்டுபிடித்துவிட்டார். ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டு அதைத்தான் முதலில் சொன்னார்.

இரண்டாம் நாள் குல்தரா. பாலிவால் பிராமணர்கள் விட்டுப் போன ஊர், 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஆளில்லாமல் போனது, வீடுகள் கூரை இல்லாமல் வரிசையாக நிற்கின்றன. வாசலில் ஒருவர் பேய்க்கதை ஆரம்பித்தார். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. தனுஷ்கோடியிலும் 1964 டிசம்பரில் செத்தவர்களைப் பேயாக்கி டூரிஸ்ட்டிடம் காசு பார்க்கிற ஆட்களை அவருக்குத் தெரியும், தன் பெரியப்பாவை அந்தப் புயலில் இழந்தவர். "வரி அதிகம் கேட்டிருப்பான், தண்ணி வத்தியிருக்கும், போயிருப்பாங்க. இதுக்கு எதுக்குப் பேய்?" என்றார். வரி, பஞ்சம் என்று இரண்டையும்தான் விவரம் தெரிந்தவர்களும் சொல்கிறார்கள்.

அதே பாலிவால்கள் விட்டுப்போன இன்னொன்று காதீன். இதைப் பாம்பன் அண்ணனுக்காகவே பார்த்துக்கொண்டு வந்தேன். கல்லாந்தரைச் சரிவில் பெய்கிற மழை வழிந்து வரும் தாழ்வில் நீளமாக ஒரு கரை. தண்ணீர் தேங்கும், மெல்ல மண்ணுக்குள் இறங்கும், குளிர்காலம் வந்ததும் அந்த ஈரத்திலேயே, தேங்கிய இடத்திலேயே கோதுமையும் கடலையும் விதைக்கிறார்கள். நாம் கண்மாயில் தேக்கி மடை திறந்து வெளியே பாய்ச்சுகிறோம், அவர்கள் கண்மாய்க்குள்ளேயே உழுகிறார்கள். நாங்கள் போன சமயம் முழங்கால் உயரத்துக்குப் பச்சை. சுற்றிலும் ஒரு செடி இல்லாத கல்தரை. அப்பா வரப்பில் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தார், நானும் கிளப்பவில்லை.

மூன்றாம் நாள் சுதாசரி. விடியற்காலை ஆறு மணிக்குக் கிளம்பும்போது காரில் 6 டிகிரி காட்டியது. அப்பா மப்ளர், ஸ்வெட்டர், அதன் மேல் என் ஸ்வெட்டர். வனத்துறை ஆள் ஒருவரோடு நடந்தோம். கானமயில் இரண்டு தெரிந்தது, மிகத் தூரத்தில், அவருடைய பைனாகுலரில். புல்லுக்கு மேல் ஒரு வெள்ளைக் கழுத்து நின்றது, நின்றுகொண்டே இருந்தது, அப்புறம் இல்லை. அவ்வளவுதான், கதையாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கீழே மணலில் இருந்ததைச் சொல்லி முடியாது. ராத்திரி நடந்தது மொத்தமும் எழுதி வைத்திருந்தது. வண்டின் இரட்டைத் தையல், பாலைவன நரியின் ஒற்றை வரிசைக் கால்தடம், மணலுக்கு அடியில் நீந்திப் போகிற ஒரு அரணை வகை விட்டுப்போன நெளிவு. நம் கரையில் குழிநண்டுத் தடத்தையும், முட்டையிட ஏறி இறங்கிய ஆமைத் தடத்தையும் பார்த்து வளர்ந்தவர் அப்பா. மொழி தெரியாத இரண்டு பேரும் குனிந்து குனிந்து ஒருவருக்கொருவர் விரலால் காட்டிக்கொண்டே போனார்கள், நான் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். சிங்காரா மான் எட்டு பார்த்தோம். முள்வால் பல்லி ஒன்று வளை வாயில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது, அதைத்தான் சாண்டா எண்ணெய் என்று பிடித்துக் காய்ச்சுகிறார்களாம், சட்டப்படி குற்றம்.

கரிமூட்டம் அண்ணே, வன்னி வயலுக்கு நடுவிலேயே நிற்கிறது, ஒருத்தரும் வெட்டுவதில்லை, கிளையை மட்டும் கழித்து ஆட்டுக்குப் போடுகிறார்கள், காயைக் காயவைத்துக் கறி சமைக்கிறார்கள். சாங்ரி என்று பேர். சாப்பிட்டோம், காய்ந்த கொத்தவரை வற்றல் குழம்பு மாதிரி இருந்தது, அப்பா இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். சீமைக்கருவேலமும் இருக்கிறது, ரோட்டோரம், ஊர்களைச் சுற்றி. விலாயத்தி பபூல் என்கிறார்கள், அங்கேயும் பேரில் சீமைதான்.

இனி மாட்டிக்கொண்ட கதை. குரி என்ற ஊருக்குப் போகிற வழியில் காக்கா சொன்னது அப்படியே நடந்தது. ரோட்டின் மேல் முப்பது அடிக்கு மணல். நான் ஓட்டுகிறேன், அப்பா தூங்குகிறார். வேகமாக விட்டால் தாண்டிவிடலாம் என்று மிதித்தேன், நடுவில் நின்றது, மறுபடி மிதித்தேன், சக்கரம் சுற்றச் சுற்ற அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. அப்பா கண் விழித்து முதலில் சொன்னது எழுதக் கூடியது இல்லை. இரண்டாவதாக, "மிதிக்காதே, மிதிச்சா கிணறு வெட்டுறே" என்றார். காற்றை இறக்கச் சொன்னார். சாப்பாட்டுக்கு வைத்திருந்த எவர்சில்வர் தட்டால் சக்கரத்துக்கு முன்னால் சரிவாக மணலை அள்ளினோம். ரோட்டோரம் எருக்கு, நம் ஊர் எருக்கே, அதன் கிளைகளை ஒடித்துப் போட்டோம், போதவில்லை. ஒட்டகத்தோடு போய்க்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நின்று, தன் மூட்டையிலிருந்து இரண்டு சாக்கை உருவிக் கொடுத்தார். அப்பா ஸ்டியரிங்கில் உட்கார்ந்து, இரண்டாவது கியரில், ஒரு முட்டையை மிதிக்கிற மாதிரி மிதித்து வெளியே கொண்டு வந்தார். தனுஷ்கோடியில் தண்ணீர் விளிம்பில் ஈர மணலாகப் பார்த்து ஓட்டுவோம், இங்கே ஈரமே இல்லை, அதனால் விடிகாலையில் குளிர்ந்திருக்கும்போதே தாண்டியிருக்க வேண்டும், வெயில் ஏறிய பிறகு மணல் செத்துவிடும் என்று விளக்கினார். எல்லாம் சரி, காற்றேற்றும் பம்ப்? காக்கா, வாங்கவில்லை. மன்னியுங்கள். 15 கிலோமீட்டர் நடை வேகத்தில் உருட்டிக்கொண்டு போய் ஒரு பஞ்சர் கடையில் ஏற்றினோம். கார் வாடகைக்கு விட்டவர்கள் அடிப்பக்கம் உரசல் என்று முன்பணத்தில் 3,500 பிடித்துக்கொண்டார்கள், பாதி உரசல் ஏற்கெனவே இருந்ததுதான், எடுக்கும்போது படம் பிடிக்காதது என் தப்பு.

குரியில் மாலை மணல்மேடு ஏறினோம். சாம் கூட்டம் இங்கே இல்லை. காற்று வருகிற பக்கம் சரிவு மெதுவாக, மணல் இறுகியிருக்கும், மறுபக்கம் செங்குத்தாகப் பொலபொலவென்று இருக்கும், அதில் ஏறினால் இரண்டடி வைத்தால் ஒன்றரை அடி சறுக்கும். அப்பா யாரையும் கேட்காமல் மணல் வரியைப் பார்த்து, "இது கச்சான் போட்ட மேடு" என்று சொல்லித் தென்மேற்குப் பக்கமாகச் சுற்றி ஏறினார். முழங்கால் வலி என்று ஒரு வார்த்தை இல்லை.

கடைசி நாள் காலை அந்த ஊர்ப் பக்கம் நடந்தபோது ஒரு அம்மா மணலில் ஒரு சின்ன வாயிலிருந்து கயிறு போட்டுத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். பேரி என்கிறார்கள். பூமிக்கு ஆழத்தில் இருப்பது உப்புத் தண்ணீர்தான், ஆனால் நடுவில் ஒரு ஜிப்சம் படிவம் பாய் விரித்த மாதிரி கிடப்பதால் மழைத் தண்ணீர் கீழே இறங்காமல் அதன் மேல் மணலிலேயே நிற்கிறது, ஊறி ஊறி வருகிறது. அப்பா கை நீட்டி வாங்கிக் குடித்தார். என்னைப் பார்த்தார். தனுஷ்கோடியில் கடலுக்கு இருபதடி தள்ளி மணலைத் தோண்டிச் சிரட்டையால் மொண்டு குடிக்கிற ஊற்று, அதிலும் மழைத் தண்ணீர்தான் உப்புத் தண்ணீருக்கு மேல் மிதந்து நிற்கிறது. உட்கார்ந்துவிட்டார். மணலில் விரலால் கோடு போட்டு, இது கடல், இது கடல், நடுவில் இது நாங்கள், இங்கே தோண்டினால் தண்ணீர் என்று தமிழிலேயே அந்த அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மா முக்காட்டுக்குள்ளிருந்து அவர் பாஷையில் ஏதோ கேட்டார். இவர் "ஆமா, ஆமா, இனிப்பு" என்றார்.

பாம்பன் வாடை:
அந்தக் காதீன் வரப்பைப் படம் எடுத்தீர்களா தம்பி? கலங்கு மாதிரி மிச்சத் தண்ணீர் வழிய ஏதாவது வைத்திருக்கிறார்களா?

சேதுக்கரையான்:
இருக்கிறது அண்ணே, கரையில் கல் பதித்து ஒரு வழிவாய். படம் தனியாக அனுப்புகிறேன்.

கீழக்கரை காக்கா:
பம்ப் வாங்காததற்கு அப்பாவிடம் இன்னொரு தடவை திட்டு வாங்குங்கள், என் பேரைச் சொல்லி. அந்த இரண்டாவது கியர் விஷயம் கேட்டுச் சந்தோஷம். அபுதாபியில் அதைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வருஷம் ஆனது. ஒரு நாள் சேதுக்கரை வருகிறேன், அவரைப் பார்க்க வேண்டும்.

ஒப்பிலான்:
மாசியில் போகலாமா, இல்லை வெயில் ஏறிவிடுமா?

தொண்டிக்காரி:
மாசி முதல் பாதி வரை தாங்கும். பங்குனி தாண்டினால் வேண்டாம், 45 டிகிரி என்பது அங்கே சாதாரணம். தம்பி, சாக்ஸில் பூரட் முள் ஒட்டியதா?

சேதுக்கரையான்:
ஒட்டியதா? இரண்டு பேர் சாக்ஸையும் இங்கே வந்து வாசலில் போட்டு வைத்திருக்கிறோம், அம்மா தொடவே மாட்டேன் என்கிறார்.

சாயல்குடி கரிமூட்டம்:
வாசலிலா? தம்பி, அது விதை. மழை வந்தால் முளைக்கும். உதறாமல் அப்படியே அடுப்பில் போடுங்கள். ஒரு சீமைக்கருவேலத்தையே மூன்று தலைமுறையாக வெட்டி முடியவில்லை.

சேதுக்கரையான்:
போட்டாயிற்று அண்ணே. சாக்ஸோடு.